மாங்காய்க்கு நாள் குறிப்பவர் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில், நகரத்தை ஒட்டினாற்போல் மடவார் வளாகம் இருக்கிறது. ஆண்டாள் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, பால்கோவாப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அந்தத் திருப்தியோடு பஸ் ஏறிவிடுகிற யாத்திரிகர்களில் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான். வைத்தியநாத சுவாமி இங்கே சிவகாமி அம்மையோடு கோயில் கொண்டிருக்கிறார். பிரசவ வேதனையில் தவித்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய தாயின் உருவில் வந்து சுவாமியே பிரசவம் பார்த்தார் என்பது ஸ்தல புராணம். மடவார் என்றால் பெண்கள். கோயிலைச் சேர்ந்த ஆடல் மகளிர் குடியிருந்த இடம் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்குக் கல்வெட்டுகளில் திருமடைவளாகம் என்று ஒரு சொல் உண்டு. அதுதான் இப்படி மருவியது என்று வாதாடவும் இடம் இருக்கிறது. இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

எனக்கு வேண்டியது இன்னொரு கதை. 1623 முதல் 1659 வரையில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்குத் தீராத வயிற்று நோய் வந்ததாம். மடவார் வளாகத்து வைத்தியநாதரை வேண்டிக்கொண்டார், நோய் தீர்ந்தது. அதன் பிறகு, இந்தக் கோயிலில் உச்சிக்கால பூஜை முடிந்த செய்தி தெரியாமல் மதுரையில் தாம் சாப்பிடுவதில்லை என்று நாயக்கர் விரதம் பூண்டாராம். செய்தி எப்படிப் போவது? வழி நெடுகிலும் நகரா மண்டபங்கள் கட்டப்பட்டன. இங்கே பூஜை முடிந்து முரசு ஒலித்ததும் அடுத்த மண்டபத்துக்காரன் கேட்டுத் தன் முரசை அடிப்பான். அவனைக் கேட்டு அடுத்தவன். இப்படியே ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தாண்டிச் செய்தி மதுரை அரண்மனைக்குப் போய்ச் சேரும். அப்புறம்தான் ராஜாவுக்கு இலை போடுவார்கள்.

இந்தக் கதையில் எத்தனை பங்கு சரித்திரம், எத்தனை பங்கு பக்தி என்று அளந்து பார்க்க எனக்கு ஆசையில்லை. அதிலே ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ராஜாவுக்குப் பசி எப்போதோ வந்திருக்கும். சோறும் வெந்திருக்கும். ஆனால், ‘இதுதான் நேரம்’ என்று சொல்லும் உரிமை அவருடைய வயிற்றுக்கும் இல்லை, சமையற்காரனுக்கும் இல்லை. எங்கோ ஒரு முரசுக்காரனிடம் இருந்தது. இதே கோயிலுக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளில் வருஷந்தோறும் நடப்பதும் இதுதான். காய் முற்றிவிட்டதா என்பது ஒரு கேள்வி. பறிக்கலாம் என்று யார் சொல்வது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு நம் ஜனங்கள் வெகு காலத்துக்கு முன்பே விடை கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாவதுதான் சரித்திரம்.

ராஜபாளையத்துக்கு வேட்டை நாயால்தான் பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பஞ்சாலையைச் சொல்வார்கள். ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது 1936-இல். ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் ஊரின் பெருமை சப்பட்டையிலும் பஞ்சவர்ணத்திலும் இருக்கிறது. சப்பட்டை என்பது செருப்பு அல்ல என்று சென்னை நண்பர் ஒருவருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பெயரைப் போலவே கொஞ்சம் தட்டையான மாம்பழம். வாயில் போட்டால் பெயரை மறந்து விடுவோம். வடக்கே செண்பகத்தோப்பு, மம்சாபுரம் தொடங்கித் தெற்கே சேத்தூர், தேவதானம் வரையில் மலை நிழலில் தோப்புகள் தொடர்ந்து போகின்றன.

மார்கழியிலும் தையிலும் பூ. மாசி, பங்குனியில் பிஞ்சு. சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி வரையில் பழம். பஞ்சாங்கம் போல் இப்படிச் சொல்லிவிடலாம். ஆனால் மரங்கள் பஞ்சாங்கம் படிப்பதில்லை. பூத்த நாளிலிருந்து காய் முற்றுவதற்கு மூன்று மாதம் முதல் நான்கு மாதம் வரை ஆகலாம். ஒரே மரத்தில் தெற்குக் கிளை முன்பே பூக்கும், வடக்குக் கிளை பதினைந்து நாள் கழித்துப் பூக்கும். எனவே ஒரே மரத்தில் ஒரே நாளில் முற்றிய காயும் இருக்கும், முற்றாத காயும் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற சங்கடத்துக்கெல்லாம் இதுவே வேர்.

நம்முடைய பாஷையைப் பார்த்தாலே இந்த விஷயத்தில் நம் முன்னோருக்கு இருந்த கூர்மை தெரியும். மாம்பிஞ்சுக்கு வடு என்று பெயர். பலாப் பிஞ்சு மூசு. வாழைப் பிஞ்சு கச்சல். தென்னையிலும் பனையிலும் குரும்பை. ஒவ்வொரு பிஞ்சுக்கும் தனிப் பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. காய் செங்காயாகிறது, செங்காய் கனியாகிறது. கனி அளிந்தால் அளியல். இவற்றுக்கெல்லாம் புறம்பே நிற்பது வெம்பல். முற்றாமலே வெயிலாலோ வேறு காரணத்தாலோ பழுத்தது போல் வேஷம் போடுகிற காய் அது. மனிதர்களில் இந்த ரகத்தைப் ‘பிஞ்சிலே பழுத்தது’ என்று சொல்கிறோம். காலத்தைக் குறிக்க இத்தனை சொற்கள் ஒரு பாஷையில் இருக்குமானால், அந்தக் காலத்தைப் பற்றி வயலிலும் தோப்பிலும் அன்றாடம் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

மம்சாபுரத்துக்கு மேற்கே ஒரு தோப்பில், காவலுக்கு இருந்த ஒரு பெரியவரிடம் ஒரு காலைப்பொழுது முழுவதும் நான் பாடம் கேட்டேன். காய் முற்றியதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “முகத்தைப் பார்த்தா தெரியாதா தம்பி? பிள்ளை வளர்ந்ததுக்குச் சாட்சி தேடுவாங்களா?” என்றார். பிறகு இரக்கப்பட்டுச் சாட்சிகளையும் காட்டினார்.

இளங்காயின் தோள் காம்புக்குக் கீழே சரிந்திருக்கும். முற்ற முற்றத் தோள் நிமிர்ந்து காம்பின் மட்டத்துக்கு வரும். பிறகு அதையும் தாண்டி மேலே எழும்பும். அப்போது காம்பு நிற்கிற இடம் ஒரு சிறு பள்ளம் போல் தெரியும். கன்னம் இரண்டும் புடைக்கும். தோலின் மேல் விபூதி பூசினாற்போல் வெளுப்பான ஒரு பூச்சுப் படியும். தோலில் உள்ள புள்ளிகள் தெளியும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு காயைப் பலி கொடுத்து அறுத்துப் பார்க்க வேண்டியதுதான். கொட்டையின் ஓடு கத்தியை எதிர்க்க வேண்டும். கொட்டையை ஒட்டிய சதையில் வெள்ளை மாறி மஞ்சள் ஓட வேண்டும். வெளித்தோலின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கிற மாம்பழம் உண்டு. வெயில் பட்ட கன்னம் மட்டும் சிவந்து ஏமாற்றுகிற காயும் உண்டு.

“எல்லாத்துக்கும் மேலே ஒண்ணு இருக்கு” என்றார் பெரியவர். “மரமே முதல் பழத்தைத் தானாப் போடும். காத்து அடிக்காம, அணில் கடிக்காம, ராத்திரி ஒரு பழம் பொத்துனு விழும். அது விழுந்தாத்தான் தம்பி நாங்க தொரட்டியை எடுப்போம்.”

நகரா மண்டபத்து முரசு என் நினைவுக்கு வந்தது. வட இந்தியத் தோப்புகளிலும் இப்படித் தானாக விழும் முதல் பழத்தை அடையாளமாகக் கொள்கிற வழக்கம் இருக்கிறது. மேற்கே ரத்தினகிரிப் பக்கத்தில் அணாக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 16 அணா என்றால் முழுப் பழம். 14 அணா முற்றிய காய் பறிக்கத் தகுந்தது. 12 அணாக் காயைப் பறிப்பவன் அவசரக்காரன். அணா நம்முடைய பையிலிருந்து 1957-இல் போய்விட்டது. மாமரத்திலிருந்து மட்டும் அதை யாராலும் இறக்க முடியவில்லை. தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனை. முற்றிய காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும். விவசாய விஞ்ஞானிகள் ஒப்படர்த்தி என்று இதற்கு ஒரு பெயர் கொடுத்து, கணக்கும் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

முற்றாத காயைப் பறித்தால் என்ன கெட்டுவிட்டது, வைக்கோலில் போட்டால் பழுக்காதா என்று கேட்கலாம். பழுக்கும். மாங்காயின் விசேஷமே மரத்தை விட்டு வந்த பிறகும் அது பழுக்கும் என்பதுதான். 1526-இல் டில்லியைப் பிடித்த பாபர், காபூல் முலாம்பழத்தை நினைத்து ஏங்கியவர். ஹிந்துஸ்தானத்தில் அவருக்குப் பிடித்தது கொஞ்சம்தான். அவரே தம் சுயசரிதையில் நல்ல மாம்பழம் நல்லதுதான் என்று சங்கடத்தோடு ஒப்புக்கொண்டு, ஜனங்கள் அதைக் காயாகப் பறித்து வீட்டில் வைத்துப் பழுக்கச் செய்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் வைக்கோலுக்கு ஓர் எல்லை உண்டு. காய் மரத்தில் தொங்குகிற வரையில்தான் அதற்குள் மாவுச்சத்து சேர்கிறது. பறித்த பிறகு அந்த மாவு சர்க்கரையாக மாறுகிறதே தவிர, புதிதாக ஒரு துளி மாவும் சேர்வதில்லை. பத்து நாள் முன்னால் பறித்தவன் அந்தப் பத்து நாள் இனிப்பைக் கிளையிலேயே விட்டுவிட்டு வந்தவன். வைக்கோலும் புகையும் கையில் உள்ளதைச் செலவழிக்கச் சொல்லித் தரும், சம்பாதித்துக் கொடுக்காது. அப்படியானால் மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அதிலும் ஆபத்து. மரத்தில் பழுத்தால் கொட்டைப் பக்கம் குழைந்து மேற்பக்கம் கடினமாக நிற்கும். பழ ஈ முட்டையிடும். கிளியும் அணிலும் வௌவாலும் முதல் பங்கை எடுத்துக்கொள்ளும். கீழே விழுந்தது சந்தைக்கு ஆகாது. ஆக, முற்றியதற்குப் பின்னும் பழுப்பதற்கு முன்னும் ஒரு சிறிய இடைவெளி. காய்க்குக் காய் அது வேறு நாளில் வருகிறது. நியாயமாகப் பார்த்தால் ஒரு மரத்தில் மூன்று நான்கு தடவை ஏறிப் பொறுக்கிப் பறிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மரமேறிக்குக் கூலி, கீழே பிடிப்பவனுக்குக் கூலி, கூடைக்குக் கூலி.

இங்கேதான் நாள் குறிக்கிற உரிமை யாருடையது என்ற கேள்வி வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டின் மிகப் பழைய மாங்காய் வழக்கு நன்னனுடையது. குறுந்தொகையின் 292-ஆம் பாட்டில் பரணர் அதைச் சொல்கிறார். நன்னனுடைய மாமரத்திலிருந்து ஒரு காய் ஆற்றில் விழுந்து மிதந்து வந்தது. குளிக்கப்போன ஒரு பெண் அதை எடுத்துத் தின்றாள். அந்தக் குற்றத்துக்காக 81 யானைகளும் அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று சொன்னபோதும் ஏற்காமல், நன்னன் அவளைக் கொன்றான். பெண்கொலை புரிந்த நன்னன் என்ற பட்டம் அவனுக்கு இன்று வரை போகவில்லை. இந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விவரம் உறுத்தும். பரணர் அதைக் கனி என்று சொல்லவில்லை, பசுங்காய் என்கிறார். அவள் பறிக்கவும் இல்லை. மரம் உதிர்த்ததைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. ருசிக்காகவோ பழத்துக்காகவோ நன்னன் அந்தக் கொலையைச் செய்யவில்லை. எந்தக் காய் எப்போது யார் கைக்குப் போகலாம் என்பதைத் தன்னையன்றி ஆறுகூட நிர்ணயிக்கக் கூடாது என்பது அவன் எண்ணம்.

பிற்காலத்து அரசர்கள் இத்தனை கொடூரம் செய்யவில்லை; அதிகாரத்தை மட்டும் விட்டுவிடவும் இல்லை. சோழர் காலத்துச் செப்பேடுகளில் பிரமதேயம் பெற்றவர்களுக்குக் கொடுக்கிற உரிமைகளை வரிசையாக எழுதியிருப்பார்கள். மாவும் பலாவும் தென்னையும் கமுகும் நட்டுப் பயன் கொள்ளலாம் என்பது அவற்றில் ஒன்று. மரம் நடுவதற்குக்கூட ராஜாவின் வார்த்தை வேண்டியிருந்த காலம் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

நவாப் காலத்திலும் கம்பெனி ஆட்சியின் ஆரம்பத்திலும் திருநெல்வேலிச் சீமையின் நஞ்சைகளில் அமானி என்றொரு முறை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா ஏற்படும் வரையில் திருநெல்வேலியைச் சேர்ந்ததுதான். விளைச்சலில் சர்க்காருக்கு ஒரு பங்கு என்பதால், சர்க்கார் ஆள் வந்து மதிப்புப் போடாமல் கதிரில் அரிவாள் வைக்கக் கூடாது. களத்தில் குவித்த நெல்லின் மேல் முத்திரை வைத்துக் காவல் போடுவார்கள். அதிகாரி வருகிற வரையில் நெல் காத்திருக்க வேண்டும். மழை காத்திருக்குமா? பயிர் முற்றிவிட்டது என்று குடியானவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

அதற்குப் பின் ரயத்துவாரி வந்தது. தானியத்துக்குப் பதில் பணமாகக் கிஸ்தி கட்ட வேண்டும். அதிகாரி களத்துமேட்டுக்கு வருவது நின்றது. தேதி மட்டும் வந்தது. கிஸ்திகள் பெரும்பாலும் தைக்குப் பிறகு வரும் மாதங்களில் விழுந்தன. அந்த மாதங்களில் மாமரத்தில் இருப்பது பூவும் பிஞ்சும்தான். பூவைக் கொண்டுபோய்த் தாலுகா கச்சேரியில் கட்ட முடியாது. கிஸ்தி போதாதென்று கல்யாணம், கடன், கிணறு வெட்டு என்று பணத்தேவைகள் வேறு. பூத்து நிற்கும் மரத்தைப் பார்த்து ஒருவன் வந்து, “இத்தனை ரூபாய் தருகிறேன், காய் என்னுடையது” என்று சொன்னால், தோப்புக்காரன் எப்படி மறுப்பான்? குத்தகை பிறந்தது இதனால் மட்டும்தான் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அது செழித்து வளர்ந்ததற்குத் தேதி வைத்துப் பணம் கேட்ட ஆட்சியும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

மரத்தில் இருப்பதை மரத்திலேயே விற்பது நம் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ரோமாபுரியில் கி.மு. 234 முதல் 149 வரையில் வாழ்ந்த கேட்டோ என்ற கண்டிப்புக்காரர் விவசாயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நமக்கு எள்ளும் தேங்காயும் எப்படியோ, அவர்களுக்கு ஆலிவ் அப்படி. எண்ணெய்க்காக வளர்க்கிற மரம். பச்சைக் காயாகப் பறித்தால் எண்ணெய் கொஞ்சமாக இறங்கும், வாசனை அதிகம். கறுக்கும் வரையில் விட்டால் எண்ணெய் நிறைய, வாசனை மட்டு. ஸ்பெயின் தேசத்து ஹயேன் பகுதியில் 100 காய்களை எடுத்து, நிறத்தைப் பார்த்துப் பூஜ்யம் முதல் 7 வரை மதிப்பெண் போட்டுப் பறிக்கும் நாளைத் தீர்மானிக்க ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். கேட்டோவுக்கு அந்த மதிப்பெண் தெரியாது. ஆனால் காய் முற்றியவுடன் தாமதம் செய்யாதே, கொட்டடியில் குவித்து வைத்தால் எண்ணெய் பெருகும் என்று நம்பாதே என்று அவர் அடித்துச் சொல்கிறார். அதே புத்தகத்தில், மரத்தில் தொங்கும் ஆலிவை விற்பதற்கான நிபந்தனைகளும் இருக்கின்றன. பறிக்கிற கூலிக்காரர்களுக்கான நிபந்தனைகளும் இருக்கின்றன. எஜமானனோ அவன் வைத்த காவலாளோ உத்தரவு கொடுக்காமல் காயை உருவக் கூடாது, தடியால் அடிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

கிழவருடைய சாமர்த்தியத்தைப் பாருங்கள். கூலிக்குப் பறிக்கிறவனுக்கு நாளைப் பற்றிக் கவலையில்லை, சீக்கிரம் வேலை முடிந்தால் போதும் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால், ‘இப்போது’ என்று சொல்லும் அதிகாரத்தை மட்டும் கையை விட்டு நழுவ விடாமல் எழுத்தில் பிடித்துவைத்துக்கொண்டார். மலையடிவாரத்துத் தோப்புக்காரன் பூவிலேயே பணம் வாங்கிக்கொண்டால், கேட்டோ பிடித்துவைத்த அந்த ஒன்றை முதலில் விற்றுவிடுகிறான்.

குத்தகைக்காரரைத் திட்டுவது சுலபம். சந்தையில் புளித்த பழத்தை வாங்கி ஏமாந்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் திட்டுகிறார்கள். அவருடைய இடத்திலிருந்து கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருக்கும். அதில் இரண்டு காய் தங்கினால் அதிருஷ்டம். பனி விழுந்தால் பூ கருகும். தத்துப்பூச்சி வந்தால் பூங்கொத்து கறுத்துப்போகும். நன்றாகக் காய்த்த மரம் மறு வருஷம் சோம்பல் படும். இத்தனைக்கும் துணிந்து அவர் வட்டிக்குக் கடன் வாங்கி முன்பணம் கொடுத்திருக்கிறார். மண்டிக்காரரிடம் வாங்கிய கடனாக இருந்தால் காயும் அந்த மண்டிக்குத்தான் போக வேண்டும். சித்திரையின் ஆரம்பத்தில் வருகிற முதல் பழத்துக்கு இருக்கிற விலை வைகாசிக் கடைசியில் இராது. நாள் ஆக ஆகக் காயில் இனிப்பு ஏறும், சந்தையில் விலை இறங்கும். இரண்டும் எதிரெதிராக நடக்கின்றன.

காற்று வேறு இருக்கிறது. வைகாசி முடிந்து ஆனி பிறந்தால் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்றுதான். அங்கே கவிதை, இங்கே நஷ்டம். ஒரே இரவில் தோப்பின் பாதி தரையில் கிடக்கும். அடிபட்ட காயை ஊறுகாய்க்குத்தான் கேட்பார்கள், அதுவும் கேட்டால். அடிவாரத் தோப்புகளில் யானை பயமும் சேர்ந்துகொள்கிறது. இந்த மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று; 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. காடு பிழைத்தது, சந்தோஷம். யானைக்கோ காப்பகத்தின் எல்லைக்கல்லைப் படிக்கத் தெரியாது. அது முற்றலைப் பற்றி யாரிடமும் பாடம் கேட்டதில்லை. ஆனால் பழுக்கிற வாசனை காற்றில் போனதும் சரியான நாளில் வந்துவிடுகிறது. பழத்தோடு கிளையையும், சில சமயம் மரத்தையும் எடுத்துக்கொள்கிறது. காவலுக்கு இருப்பவனுடைய உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. இப்படிப்பட்ட நிலையில் குத்தகைக்காரர் நான்கு தடவை ஏறிப் பொறுக்குவாரா, ஒரே வீச்சில் எல்லாவற்றையும் இறக்கிவிடுவாரா? அவரவர் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ரயிலையும் இங்கே சொல்ல வேண்டும். விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-இல் ரயில் பாதை வந்தது. அதற்கு முன் மாட்டு வண்டியில் போகக்கூடிய தூரம்தான் மாம்பழத்தின் உலகம். ஓர் இரவு வண்டிப் பயணத்துக்குச் செங்காய் தாங்கும். ரயிலும் பின்னால் லாரியும் வந்த பிறகு தூரத்துச் சந்தைகள் திறந்தன. தோப்புக்காரனுக்கு நாலு காசு கூடக் கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தூரம் கூடக்கூடக் காய் கெட்டியாக இருக்க வேண்டியிருக்கிறது. மூன்று நாள் பிரயாணம் என்றால் மூன்று நாள் முன்னால் பறிக்க வேண்டும். தொரட்டியை இயக்குவது மரத்தடியில் நிற்கும் கையா, தொலைவில் உள்ள ஏலக்காரருடைய மணியா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

இப்படி அவசரத்தில் இறங்கிய காயை என்ன செய்வது? வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைக்க நம் ஜனங்களுக்குத் தெரியும். புகையில் என்ன மந்திரம் இருக்கிறது என்பது உலகத்துக்குப் பின்னால்தான் விளங்கிற்று. ருஷ்யாவில் நெல்யூபோவ் என்ற இளைஞர் 1901-இல், தெரு விளக்கு வாயுவில் உள்ள எத்திலீன்தான் செடிகளைக் கோணலாக வளரச் செய்கிறது என்று கண்டார். பழமே அந்த வாயுவைத் தனக்குள் உற்பத்தி செய்கிறது என்பதை 1934-இல் இங்கிலாந்தில் கேன் நிரூபித்தார். ஒரு பழம் பழுத்தால் பக்கத்துப் பழமும் பழுப்பதன் ரகசியம் இதுதான். விஞ்ஞானம் ரகசியத்தைச் சொன்னது. வியாபாரம் குறுக்கு வழியைப் பிடித்தது. கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசெட்டிலீன் வாயு வரும். எத்திலீனுக்குப் பங்காளி முறை. இரவில் கல்லை வைத்தால் விடியற்காலையில் கூடை முழுவதும் தங்க நிறம். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் முதலிய நஞ்சுகளும் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதை வைத்துப் பழுக்கச் செய்வதைச் சட்டம் தடை செய்கிறது. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அந்தத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு.

ஆண்டுதோறும் கோடையில் அதிகாரிகள் மண்டிகளில் புகுந்து கல்லோடு பழத்தையும் பிடித்துக் குழியில் கொட்டுகிறார்கள். பத்திரிகையில் படம் வருகிறது. செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழியில் விழுகிற காய் பங்குனியிலேயே விலை பேசப்பட்டது. தையில் ஒரு தோப்புக்காரனுக்கு நியாயமான வட்டிக்குப் பணம் கிடைத்திருந்தால், அவன் பூவை விற்றிருக்க மாட்டான். பூவை விற்காதவன் காயை அவசரப்பட்டு இறக்கியிருக்க மாட்டான். கல்லைத் தேடிப் போகிற சட்டம் கடனைத் தேடிப் போவதில்லை.

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். தோப்பு முழுவதும் குத்தகைக்குப் போய்விட்டதே, தோப்புக்காரர் வீட்டில் என்ன பழம் சாப்பிடுவார்கள்? சந்தையில் வாங்குவார்களோ என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர் எழுந்து கிணற்றடிப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு மரங்கள் தனியாக நின்றன. ஒன்று சப்பட்டை, ஒன்று பஞ்சவர்ணம். குத்தகை பேசும்போது இந்த இரண்டையும் நீக்கித்தான் பேசுவார்களாம். வீட்டு மரம் என்று பெயர். மற்ற மரங்களில் காய் இறங்கிப் பத்து நாளாகியிருந்தது. கிளைகள் வெறிச்சென்று கிடந்தன. வீட்டு மரங்களில் மட்டும் காய்கள் தோள் நிமிர்ந்து, வெளுத்த பூச்சோடு தொங்கிக்கொண்டிருந்தன.

“இதை எப்போ பறிப்பீங்க?”

“பழம் இன்னும் விழலையே தம்பி” என்றார் பெரியவர்.